கம்போடியாவா, சைப்ரஸா, ஐ.சி.எஃப்.பா?

கேள்வி:

எனக்கு வயது 23, வரும் மாசியில் 24. ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். கால்பந்தில் லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஆடுகிறேன். சென்னை சீனியர் டிவிஷனில் மூன்று சீசன் ஆடியிருக்கிறேன், போன முறை சந்தோஷ் டிராபி தமிழ்நாடு டீமில் இருந்தேன், சீசன் இல்லாதபோது மலப்புறம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். இப்போது இரண்டு வாய்ப்பு வந்திருக்கிறது. ஒன்று கம்போடியாவில் முதல் டிவிஷன் கிளப், மாதம் 900 டாலர், தங்க இடம் தருகிறார்கள். கான்ட்ராக்ட் நகலை இணைத்திருக்கிறேன். இன்னொன்று ஒரு ஏஜென்ட் மூலமாக சைப்ரஸ். மூன்றரை லட்சம் கட்டினால் ட்ரையல்ஸ், விசா, டிக்கெட் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். "ஐரோப்பாவில் ஆடினேன் என்று சொன்னால் அப்புறம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்பே தேடி வரும்" என்கிறார். அப்பா தங்கல் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர். அம்மா கம்போடியா என்றாலே அழுகிறார். கோச் சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பம் போடு என்கிறார். எதைச் செய்ய? பெயர் வேண்டாம் சார்.

பதில்:

தம்பி, முதலில் சைப்ரஸை முடித்துவிடுவோம். உங்கள் பணம் ஏற்கெனவே மாட்டியிருப்பது அங்கேதான்.

நீங்கள் அனுப்பிய டிக்கெட் நகலைப் பார்த்தேன். மும்பை, இஸ்தான்புல், அப்புறம் எர்ஜான். அந்தக் கடைசிப் பெயர்தான் விஷயம். சைப்ரஸ் தீவு 1974இலிருந்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தெற்கே இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள சைப்ரஸ் குடியரசு. வடக்கே இருப்பதைத் தனி நாடு என்று ஏற்றிருப்பது துருக்கி மட்டும்தான். எர்ஜான் விமான நிலையம் வடக்கில் இருக்கிறது, அதற்குத் துருக்கி வழியாகத்தான் போக முடியும். அங்கேயும் லீக் நடக்கிறது, ஸ்டேடியம் இருக்கிறது, ஆட்டம் பார்க்கக் கூட்டமும் வருகிறது, அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த லீகை நடத்தும் சங்கம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிலும் இல்லை, ஐரோப்பிய அமைப்பான யூஇஎஃப்ஏவிலும் இல்லை. அதாவது நீங்கள் அங்கே ஒரு சீசன் முழுக்க ஆடினாலும் ஃபிஃபா கணக்கில் எங்கேயும் ஆடாதவர்தான். ஐ.டி.சி. என்கிற சர்வதேச மாற்றுச் சான்றிதழ் கிடையாது. சம்பளம் தரவில்லை என்றால் ஃபிஃபாவிடம் புகார் கொடுக்கவும் வழி கிடையாது. எர்ஜான் வழியாக இறங்கியவரைத் தெற்கு அரசு சட்டவிரோதமாக நுழைந்தவராகவே பார்க்கிறது, அதனால் "அங்கே போய்ட்டா தெற்குக்குத் தாவிடலாம் தம்பி" என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் நடக்காது.

அதோடு இன்னொரு தாளும் அனுப்பியிருக்கிறீர்கள், ஒரு பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் கடிதம். விசாவுக்காகச் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஃபார்மாலிட்டி இல்லை, அதுதான் வியாபாரமே. உங்களை மாணவராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஃபீஸ் கட்ட வேண்டியவர் நீங்கள், கட்டாவிட்டால் தங்கும் அனுமதி போய்விடும். ஆப்பிரிக்காவிலிருந்து எத்தனையோ பையன்கள் இதே பாதையில் வந்து, ட்ரையல்ஸும் இல்லாமல் ஊருக்குத் திரும்பக் காசும் இல்லாமல் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போயிருக்கிறார்கள். ஆகவே அங்கே போகாதீர்கள். மிச்ச மூன்று லட்சத்தைக் கட்டவே கட்டாதீர்கள். அந்த ஐம்பதாயிரத்துக்கு என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஏஜென்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 அக்டோபரிலிருந்து ஆட்டக்காரரை வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுகிற ஏஜென்ட் ஃபிஃபா தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிகளில் பல ஐரோப்பிய நீதிமன்ற வழக்குகளால் 2023 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன என்றாலும், லைசென்ஸ் வைத்திருப்பவர் யார் என்று ஃபிஃபா தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன பெயரைத் தேடினேன், இல்லை. சரி, லைசென்ஸை விடுங்கள். உண்மையான ஏஜென்ட் உங்கள் சம்பளத்தில் பங்கு எடுப்பவர். ஃபிஃபா போட்ட அளவு, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கிறவரிடம் ஐந்து சதவீதம். அந்த உச்சவரம்பும் நிறுத்திவைக்கப்பட்டவற்றில் ஒன்றுதான், ஆனாலும் கையில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல். நீங்கள் சம்பாதித்தால்தான் அவருக்கு வருமானம், அதனால் உங்களை ஆட வைக்க அவர் ஓடுவார். ட்ரையல்ஸுக்கு முன்னாலேயே மூன்றரை லட்சம் வாங்கிக்கொண்டவருக்கு நீங்கள் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன?

இனி கம்போடியா. அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் விற்று, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, தமிழ்நாட்டுப் பையன்களையும் அங்கே அடைத்து வைத்த கதை பேப்பரில் எத்தனை முறை வந்துவிட்டது. அதனால் கிளப் நிஜம்தானா என்று பார்ப்பதே முதல் வேலை. நான் பார்த்தவரை இந்தக் கிளப் நிஜம். லீகின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்கிறது, கடிதம் வந்த மின்னஞ்சலும் கிளப்பின் சொந்த முகவரி. ஆனால் கிளப் நிஜமாக இருந்தும், அதன் பெயரைச் சொல்லி அழைப்பவர் போலியாக இருக்கலாம். அதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. உங்களை நிஜமாகவே எடுக்கிறார்கள் என்றால் உங்கள் ஐ.டி.சி. கேட்டு கம்போடிய சங்கத்திலிருந்து நம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமான ஏ.ஐ.எஃப்.எஃப்.புக்கு, ஆட்டக்காரர் மாற்றங்களைப் பதியும் ஃபிஃபாவின் டி.எம்.எஸ். கணினி வழியாகக் கோரிக்கை வரும். நீங்கள் சென்னையில் பதிவாகியிருக்கும் கிளப் செயலாளரிடம் உங்கள் சி.ஆர்.எஸ். பதிவு எண்ணைக் கொடுத்து, கோரிக்கை வந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். அது வராமல் விமானம் ஏற வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் வா, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் வேண்டாம். வேலைக்குப் போகிறவருக்கு அங்கே 'இ' வகை விசாவும் ஒர்க் பெர்மிட்டும் உண்டு, அதை ஏற்பாடு செய்வது கிளப்பின் பொறுப்பு. போய் இறங்கிய பிறகு "ஆபீஸில் பத்திரமாக இருக்கட்டும்" என்று யார் பாஸ்போர்ட்டைக் கேட்டாலும், விசாவுக்குக் கொடுத்து இரண்டு மூன்று நாளில் திரும்ப வாங்கிக்கொள்வதைத் தவிர, கொடுக்காதீர்கள்.

இப்போது கான்ட்ராக்ட். ஆறு பக்கம். உட்கார்ந்து படித்தேன், உங்களுக்கும் படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் 900 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் 900 டாலர் என்று எங்கேயும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் சம்பளம் 400 என்று இருக்கிறது. மிச்ச 500, கடைசியில் ஒட்டியிருக்கும் தனிக் கடிதத்தில் 'அலவன்ஸ்' என்ற பெயரில், 'கிளப் நிர்வாகத்தின் விருப்பப்படி' என்ற அடைமொழியோடு. இது கம்போடியாவுக்கு மட்டும் உரிய தந்திரம் இல்லை, நம் ஊர் உட்பட எல்லா இடத்திலும் நடப்பதுதான். காயம் பட்டாலோ, கோச்சுக்குப் பிடிக்காமல் வெளியே உட்கார்ந்தாலோ அந்த 500 நின்றுவிடும். 900ம் சம்பளம் என்ற ஒரே வரியில், எந்தத் தேதியில் தருவார்கள் என்பதோடு வர வேண்டும். இன்னொன்று, பத்து மாதத்துக்குத்தான் சம்பளம் போட்டிருக்கிறார்கள். சீசன் கணக்கு அது, தப்பில்லை. ஆனால் வீட்டில் 900ஐ பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லி வைக்காதீர்கள். பத்து மாதத்துக்கு 9,000 டாலர், அதில் வரி, அங்கே உங்கள் செலவு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போகும்.

மூன்றாம் பக்கத்தில் 'மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்' என்றும், 'ஒர்க் பெர்மிட் கிடைத்தால்தான் செல்லும்' என்றும் இரண்டு வரி. ஃபிஃபா விதி 18இன்படி ஒப்பந்தம் செல்லுவதை இந்த இரண்டிலும் கட்டிவைக்கக் கூடாது. பரிசோதனையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே முடிக்க வேண்டியவை. எதிர்த்துச் சண்டை போட வேண்டாம், மரியாதையாக எழுதுங்கள்: 'மெடிக்கலை இங்கேயே சென்னையில் நீங்கள் சொல்லும் பட்டியல்படி எடுத்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.' முட்டி எம்.ஆர்.ஐ. செலவு உங்களுடையது ஆகலாம், பரவாயில்லை. நீங்கள் பணத்தைச் செலவழித்துப் போய் இறங்கிய பிறகு 'டாக்டர் வேண்டாம் என்கிறார்' என்று சொல்வதற்கு இடமே இருக்கக் கூடாது.

நான்காம் பக்கம்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. 'ஆட்டம் திருப்தியாக இல்லை என்று கிளப் கருதினால் பதினைந்து நாள் நோட்டீஸில் விலக்கலாம்.' திருப்தியை யார் அளப்பது? சரியாக ஆடவில்லை என்பது ஒப்பந்தத்தை முறிக்கப் போதுமான காரணம் இல்லை என்று ஃபிஃபா தீர்ப்பாயம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது, இப்படி ஒருபக்கமாக எழுதிய வரிகளைத் தள்ளியும் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வாங்குவது பிறகு நடக்கும் கதை. அன்றைக்கு ராத்திரி நீங்கள் எங்கே தூங்குவீர்கள் என்பது வேறு கதை. இந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டோம் என்றால், விலக்கினால் மிச்ச மாதச் சம்பளத்தில் மூன்று மாதமாவது தருகிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் என்னைப் பொறுத்தவரை அது கான்ட்ராக்டே இல்லை.

தகராறு வந்தால் எங்கே போவது என்ற இடத்தில் 'உள்ளூர்ச் சங்கத்தின் முடிவே இறுதியானது' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு 'ஃபிஃபா தகராறு தீர்ப்பாயம், மேல்முறையீடு லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம்' என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் இந்தியர், கிளப் கம்போடியக் கிளப், அதனால் இது சர்வதேசத் தகராறு. ஃபிஃபாவிடம் போக ஆட்டக்காரருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். ஜெயித்தும் கிளப் பணம் தராவிட்டால் அது புது ஆட்டக்காரரைப் பதிவு செய்யவே முடியாதபடி தடை போடுவார்கள், மூன்று பதிவுக் காலம் வரைக்கும்கூட. அப்படித் தடையில் இருக்கும் கிளப்களின் பட்டியலை ஃபிஃபா இப்போது வெளிப்படையாகவே போடுகிறது. உங்கள் கிளப் அதில் இல்லை. நம் நாட்டுக் கிளப்களின் பெயரும் அந்தப் பட்டியலில் அவ்வப்போது வந்து போகும், அதனால் கம்போடியா என்று மட்டும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

சம்பளம் தாமதமாவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். 2016இல் ஆட்டக்காரர் சங்கங்களின் உலக அமைப்பான ஃபிஃப்ப்ரோ 54 நாடுகளில் சுமார் 14,000 பேரிடம் விசாரித்தபோது, 41 சதவீதம் பேர் முந்தைய இரண்டு சீசனில் சம்பளம் தாமதமாக வந்ததாகச் சொன்னார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், 45 சதவீதத்துக்கு மேல், மாதம் ஆயிரம் டாலருக்குக் கீழே வாங்குகிறவர்கள். உங்கள் 900 டாலர் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. டிவியில் பார்க்கிற ஃபுட்பால் வேறு, இந்தத் தொழில் வேறு.

தாமதமானால் நம் பையன்கள் இரண்டு விதமாகத் தப்புப் பண்ணுவார்கள். ஒருவர் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருப்பார், கேட்டால் டீமில் எடுக்க மாட்டார்களோ என்ற பயம். இன்னொருவர் மூன்றாவது மாதம் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார். அப்படி வந்தால் கிளப் 'சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார்' என்று உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். வரிசை இதுதான்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி ஆனதும் எழுத்தில் ஒரு நோட்டீஸ், பதினைந்து நாள் கெடு. கெடு முடியும்வரை தினமும் பயிற்சிக்குப் போக வேண்டும். கெடு தாண்டியும் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு நீங்களே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மிச்சப் பணத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம். 2018இலிருந்து இது ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு டிஃபெண்டர் தினமும் காலையில் மைதான கேட்டுக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்து, தேதியோடு அண்ணன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், கேலியாகச் செய்த வேலை அது. 'பயிற்சிக்கு வரவில்லை' என்று கிளப் சொன்னபோது அந்தப் படங்கள்தான் எங்கள் வழக்குக்கு ஆதாரம். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்காதீர்கள், பேங்கில் போடச் சொல்லுங்கள். கம்போடியாவில் டாலரே தாராளமாகப் புழங்குகிறது, அதனால் அங்கே கையில் கவர் கொடுப்பது ரொம்ப சகஜம். கவரில் வாங்கினால் கையெழுத்தான ரசீதில் ஒரு பிரதி வாங்காமல் அறையை விட்டு வராதீர்கள்.

இதே இடத்தில் இன்னொரு ஆபத்தும் நிற்கிறது. சம்பளம் வராத டீமின் ஓட்டல் வாசலில்தான் 'தம்பி, கைமாத்தா வச்சுக்கோ' என்று சொல்லும் ஆள் வருவார். தென்கிழக்கு ஆசியாவில் சூதாட்டப் பணத்தின் வரலாறு பெரிது. லூட்ஸ் ஃபன்னென்ஸ்டீல் என்று ஒரு ஜெர்மன் கோல்கீப்பர். ஜெர்மனியின் சின்ன கிளப்பிலிருந்து பினாங்குக்கு வந்து, அப்புறம் ஊர் ஊராக ஆடி, 2008இல் பிரேசிலில் சேர்ந்தபோது ஃபிஃபாவின் ஆறு கண்டச் சங்கங்களிலும் தொழில்முறையில் ஆடிய முதல் ஆள் ஆனார். கேட்க எவ்வளவு ஜோராக இருக்கிறது! அதே மனிதர் 2001இல் சிங்கப்பூரில் மேட்ச் ஃபிக்ஸிங் வழக்கில் 101 நாள் ஜெயிலில் இருந்தார். தான் எதுவும் செய்யவில்லை என்பதுதான் இன்றுவரை அவர் நிலைப்பாடு. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஒரு சின்ன டீமுக்கு ஆடும்போது மோதி விழுந்து மைதானத்திலேயே மூச்சு நின்று பிழைத்து வந்தார். யாராவது உங்களை அணுகினால், மறுத்தால் மட்டும் போதாது. அணுகியதைச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. உடனே கிளப்பிடமும் சங்கத்திடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

லெஃப்ட் பேக் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். வெளிநாட்டு ஆளுக்கு ஒவ்வொரு கிளப்புக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. சின்ன லீகில் அந்த இடங்களை கோல் போடும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் தடுக்கும் ஸ்டாப்பருக்கும்தான் கொடுப்பார்கள். இங்கேயே பாருங்கள், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018–19இல் தேசிய லீகான ஐ-லீகை ஜெயித்தபோது, ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களிலிருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார், அந்தக் கோல்களைப் பார்த்துத்தான் ஜப்பானின் இரண்டாம் டிவிஷனில் ஆல்பிரெக்ஸ் நீகாட்டா அவரை எடுத்துக்கொண்டது. கோல் போடுகிறவருக்கு அடுத்த கிளப் தானாக வரும். லெஃப்ட் பேக்குக்கு அப்படி இல்லை. (மூன்றே சீசனில் அந்தச் சென்னை சிட்டி லீகிலேயே இல்லாமல் போனது. உள்ளூரிலும் தரை அவ்வளவு கெட்டியாக இல்லை.) ஆகவே கிளப்பிடம் நேராகக் கேளுங்கள்: இப்போது எத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஆசிய ஆட்டக்காரருக்கென ஒதுக்கிய இடத்திலா என்னை எடுக்கிறீர்கள், லீகில் என்னைப் பதிவு செய்வீர்களா? கையெழுத்துப் போட்டும் பதிவு செய்யாமல் கேலரியில் உட்கார வைப்பது நடக்கிறது. ஜனவரியில் ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தால் இடத்தைக் காலி செய்யச் சொல்வதும் நடக்கிறது. 'இந்த சீசன் லீகில் பதிவு செய்வோம்' என்ற ஒரு வரி கான்ட்ராக்டில் இருக்கட்டும்.

காயத்துக்கும் ஒரு வரி வேண்டும். நீங்கள் அனுப்பியதில் 'சிகிச்சைக்குக் கிளப் உதவும்' என்று இருக்கிறது. உதவும் என்றால் ஐஸ் பேக்கா, ஆபரேஷனா? முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தால் ஆபரேஷன், அப்புறம் எட்டு ஒன்பது மாதம். அதற்குள் உங்கள் கான்ட்ராக்டே முடிந்திருக்கும். ஆபரேஷன் செலவு கிளப்புடையது, காயம் ஆறும்வரை ஒப்பந்தக் காலத்துக்குள் முழுச் சம்பளம், எந்த ஊரில் ஆபரேஷன் என்பது ஆட்டக்காரர் விருப்பம் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டில் எடுத்திருக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்போடியாவில் பேசாது.

நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒரு உதாரணம் போதும். சாஹிர் பெலூனிஸ் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் கத்தாரில் சம்பளப் பாக்கிக்காக வழக்குப் போட்டார். அப்போது அங்கே முதலாளி அனுமதிக் கடிதம் தராமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. மனைவி, சின்னக் குழந்தைகளோடு மாதக்கணக்காக அங்கேயே மாட்டிக்கொண்டு, 2013 நவம்பரில்தான் பிரான்ஸ் திரும்பினார். வளைகுடாவிலிருந்து யாராவது கூப்பிட்டால் உங்கள் ஊரில் மீன்பிடி விசாவில் போய்வந்த அண்ணன்களிடம் கேளுங்கள், ஸ்பான்சர் என்றால் என்ன என்று வக்கீலைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

சரி, ஐ.சி.எஃப். உங்கள் கோச் சொல்வதை நீங்கள் அலட்சியமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது 18 முதல் 25 வரை, அதில் தளர்வு கிடையாது. உங்களுக்கு மாசியில் 24. எந்தப் போட்டியில் டீம் எந்த இடம் வாங்கியிருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே பட்டியல் இருக்கும், அதுவும் கடைசி இரண்டு மூன்று ஆண்டுச் சாதனைதான் எடுபடும். உங்கள் சந்தோஷ் டிராபி சான்றிதழுக்கு இப்போதுதான் மதிப்பு. கம்போடியாவில் நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த லீக் இந்தப் பட்டியலில் வராது. தொடக்கத்தில் அடிப்படைச் சம்பளம் 19,900 அல்லது 21,700, படிகள் சேர்ந்தால் முப்பதாயிரம் தாண்டும். கம்போடியா சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் மாதத்துக்குப் பாதிகூட இல்லை என்று தோன்றும். ஆனால் ஒன்று பத்து மாதம், இன்னொன்று அறுபது வயது வரை. சென்னை லீகில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித் துறை என்று ஆபீஸ் டீம்களில் ஆடுகிறவர்களோடு நீங்கள் மூன்று சீசன் மோதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு முப்பத்தைந்து வயதில் முட்டி போனாலும் காலையில் போக ஒரு வேலை இருக்கிறது.

'அப்படியென்றால் வெளிநாடே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்திவைக்கிறோம் என்று சொன்ன பிறகு, பெரிய டீம்களில் இருந்தவர்களே அடுத்த மாதச் சம்பளம் தெரியாமல் நின்றார்கள், அதனால் உங்களை இங்கேயே இரு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. போய்த் திரும்புவதில் அவமானமும் இல்லை. சுனில் சேத்ரி 2010இல் கான்சாஸ் சிட்டிக்குப் போனார், 2012இல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங்கின் பி டீமுக்குப் போனார், இரண்டு இடத்திலும் நிலைக்கவில்லை, திரும்பி வந்துதான் சேத்ரி ஆனார். குர்பிரீத் சிங் நார்வேயில் 2014இலிருந்து மூன்று ஆண்டு, பெரும்பாலும் பெஞ்ச். ஆனாலும் அங்கே எடுத்த பயிற்சிதான் அவரை இந்திய அணியின் முதல் தேர்வு கோல்கீப்பர் ஆக்கியது. ஆனால் அவர் இருந்தது நார்வேயின் முதல் டிவிஷனில். உங்களைப் போல ஆசியாவின் சின்ன லீகுக்குப் போகிறவருக்கு பெஞ்ச் எதையும் தராது. அடுத்த கிளப் உங்களைத் தேடும்போது ஆட்டக்காரர் விவரங்களைத் தரும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து எத்தனை நிமிடம் ஆடினார் என்றுதான் பார்க்கும். அதனால் எட்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தால், சம்பளம் சரியாக வந்தாலும், அடுத்த பதிவுக் காலத்தில் எங்கே ஆட வைப்பார்கள் என்று தேட ஆரம்பிக்க வேண்டும். ஒரே சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் இரண்டுக்குத்தான் ஆட முடியும், அதையும் நினைவில் வையுங்கள்.

மற்றபடி அங்கே வாழ்வது கஷ்டமில்லை. சோறும் மீனும்தான் சாப்பாடு, 'பிரஹோக்' என்று ஒரு மீன் விழுது போடுவார்கள், கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவருக்கு அது ஒன்றும் செய்யாது. வெயிலும் மழையும் நம் ஊர் மாதிரிதான். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு டிரெஸ்ஸிங் ரூமில் முதலில் திட்டு வாங்குகிறவர் வெளிநாட்டுக்காரர் என்பதற்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மலப்புறம் செவன்ஸில் கானா, நைஜீரியா பையன்களோடு ஆடியிருப்பீர்களே, கோல் விட்டால் கூட்டம் அவர்களை என்ன சொல்லும் என்று கேட்டிருப்பீர்கள். அங்கே அந்த இடத்தில் நீங்கள்.

என் முடிவு இது. கோட்டா அறிவிப்பு வந்தால் முதலில் அதற்கு விண்ணப்பம், கோச்சைக் கூட்டிக்கொண்டு ட்ரையல்ஸுக்குப் போங்கள். வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இல்லை, அல்லது கிடைக்கவில்லை என்றால் கம்போடியா, நான் சொன்ன வரிகள் மாறினால் மட்டும், ஒரே ஒரு சீசனுக்கு. அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும் என்று ஆறாம் பக்கத்தில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 25 வயதும் தாண்டிப்போகும். திரும்பி வரும் டிக்கெட் கிளப் செலவு என்பதை மறக்காதீர்கள். திருத்தி வந்த பிரதியைக் கையெழுத்துக்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், அல்லது இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கமான எஃப்.பி.ஏ.ஐ.க்கு அனுப்புங்கள், இரண்டும் செய்தாலும் சரி. போவதானால் புனோம் பென்னில் உள்ள இந்தியத் தூதரக எண்ணையும், கிளப் மேனேஜர் எண்ணையும், உங்கள் அறை முகவரியையும் ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். போனில் அனுப்பினால் போதாது.

இனி அந்த ஐம்பதாயிரம். இன்றைக்கே ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில், கோபம் இல்லாமல், 'எனக்கு விருப்பம் இல்லை, அட்வான்ஸை ஏழு நாளில் திருப்பி அனுப்புங்கள்' என்று எழுதுங்கள். அவர் போன் பண்ணிப் பேசினால் பேசட்டும், நீங்கள் பதிலை எழுத்திலேயே கொடுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், டிக்கெட் நகல், அந்த அட்மிஷன் கடிதம், அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ஏழு நாள் தாண்டினால், அல்லது அதற்கு முன்னாலேயே உங்களை பிளாக் செய்தால், சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கிக்கொண்டு, அதையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். உங்கள் டீமிலிருந்து இன்னும் இரண்டு பேர் அதே ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகக் கடிதத்தின் அடியில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டே போங்கள். மூன்று பேர் சேர்ந்து கொடுக்கும் புகாரை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவைக்க மாட்டார்கள்.